பனாஃபி பை: அந்த உணவகத்து ருசி வீட்டில் ஏன் வரவில்லை?

கேள்வி: 3 பிப்ரவரி 2024

2009-ல் இங்கிலாந்தில் பிரைட்டனில் படித்துக்கொண்டிருந்தபோது ஜெவிங்டன் கிராமத்து ஹங்ரி மங்க் உணவகத்துக்கு ஒருமுறை கூட்டிப்போனார்கள். அங்கே சாப்பிட்ட பனாஃபி பை, அதாவது வாழைப்பழமும் டாஃபியும் க்ரீமும் அடுக்கிய இனிப்பு, இன்னும் நாக்கிலேயே இருக்கிறது. இப்போது திருச்சியில் இருக்கிறேன். பிஸ்கட் பொடியில் வெண்ணெய் கலந்து அடியில் பரப்புகிறேன். மேலே டின் கேரமல், வட்ட வட்டமாக நறுக்கிய வாழைப்பழம், பேக்கரிகளில் விற்கும் விப் டாப்பிங். பார்க்க அதே மாதிரிதான் இருக்கிறது. ஆனால் வெட்டினால் ஓடுகிறது, இரண்டாவது வாயிலேயே திகட்டுகிறது. அவர்கள் ஏதோ ஒரு ரகசியப் பொருள் போட்டிருக்க வேண்டும். யாருக்காவது தெரியுமா?

3 பிப்ரவரி, இரவு

ரகசியப் பொருள் ஒன்றும் கிடையாது. ஹங்ரி மங்க் இந்தச் செய்முறையை 1974-லேயே தன்னுடைய சமையல் புத்தகத்தில் அச்சடித்துவிட்டது. உங்கள் பட்டியலுக்கும் அதற்கும் பொதுவாக இருப்பது வாழைப்பழம் மட்டும்தான்.

அதில் இருப்பது இவ்வளவுதான். சாதாரண ஷார்ட்கிரஸ்ட் மாவு (மைதாவும் வெண்ணெயும் சேர்த்த பேஸ்ட்ரி) 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம். டின் பால், அதாவது இனிப்பான கண்டென்ஸ்டு மில்க், ஒன்றரை டின். கெட்டியான வாழைப்பழம் ஒன்றரை பவுண்டு, சுமார் 680 கிராம். டபுள் க்ரீம், அதாவது கொழுப்பு அதிகமான க்ரீம். க்ரீமில் கலக்க அரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித்தூள், ஒரு சின்னக் கரண்டி சர்க்கரை. மேலே தூவப் புதிதாக அரைத்த காபிப்பொடி கொஞ்சம். பை டின் 10 அங்குல அகலம், ஒன்றரை அங்குல உயரம். டின் பாலைத் திறக்காமல் அப்படியே தண்ணீரில் போட்டு 5 மணி நேரம் கொதிக்க விடச் சொல்கிறார்கள், அந்தப் பால்தான் டாஃபியாகிறது. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், அதற்குள் யாரும் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம்.

முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை. முட்டை சேர்க்காத வீட்டுக்காரர்கள் தயங்காமல் செய்யலாம்.

4 பிப்ரவரி, காலை

பேஸ்ட்ரியா, பிஸ்கட்டா என்று அதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. சரி, என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பையை உருவாக்கியவர்களில் ஒருவரான சமையல்காரர் இயன் டவுடிங்குக்குப் பிஸ்கட் பொடி அடித்தளம் என்றாலே ஆகாது. ஸ்ப்ரே டப்பாவிலிருந்து பீய்ச்சும் க்ரீமும் ஆகாது. இரண்டையும் வெளிப்படையாகவே திட்டியிருக்கிறார். அவர் திட்டியதால் பிஸ்கட் தப்பு என்று ஆகிவிடாது. ஆனால் காரணம் சமையலில் இருக்கிறது. டின் பாலில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. அதற்கு அடியில் இனிப்புப் பிஸ்கட், மேலே இனிப்பான விப் டாப்பிங் என்றால் நாக்கு ஒதுங்க இடமே இல்லை. பழைய செய்முறையில் இனிப்பு நடுவில் மட்டும்தான். கீழே சர்க்கரையே போடாத, நறுக்கென்று உடைகிற மாவு. மேலே பேருக்குக் கொஞ்சம் சர்க்கரை போட்ட, காபிக் கசப்புள்ள க்ரீம். நீங்கள் திகட்டுகிறது என்று எழுதியதற்கு என் பதில் இதுதான்: மூன்று அடுக்கிலும் இனிப்பு போட்டுவிட்டீர்கள்.

நான் ஈஸ்ட்போர்னில் வேலை பார்த்த வருடங்களில் அங்கே போயிருக்கிறேன். தட்டு வந்ததும் முதலில் எட்டியது டாஃபி வாசனை இல்லை, காபி வாசனை. வீட்டுப் பனாஃபியில் அது இருப்பதே இல்லை. நான் இருக்கும் இங்கிலாந்தில், இங்கே பல்பொருள் அங்காடிகளில் விற்கும் பனாஃபியில் காபி இருந்து நான் பார்த்ததில்லை, மேலே சாக்லேட் துருவல்தான் இருக்கும்.

4 பிப்ரவரி, மதியம்

டின்னைக் கொதிக்க வைக்கும் விஷயம். இதை மட்டும் எல்லோரும் முழுசாகப் படியுங்கள்.

மூடிய டின்னைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விட்டால், தண்ணீர் டின்னை முழுக்க மூடியிருக்கும் வரை உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றி டின்னின் மேல்பகுதி வெளியே வந்தாலோ, பாத்திரம் காய்ந்துபோனாலோ டின் வெடிக்கும். வெடித்தால் சமையலறைக் கூரை வரைக்கும் கொதிக்கிற டாஃபி. அது தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு உள்ளே வரை சுடும், உதறினாலும் போகாது. ஐந்து மணி நேரம் என்பது மறந்துபோவதற்குப் போதுமான நேரம். தொலைக்காட்சித் தொடரில் இரண்டு எபிசோடு பார்த்தாலே நமக்கு அடுப்பு மறந்துவிடும்.

இன்னொன்று. அந்தப் புத்தகம் வந்த காலத்து டின்கள் டின் ஓப்பனர் போட்டுத் திறப்பவை. இன்றைக்கு வருவதில் நிறைய, வளையத்தை இழுத்துத் திறக்கும் ரகம். மேல்மூடியில் அதற்கென்றே பலவீனமான கோடு போட்டிருப்பார்கள். டின் பால் தயாரிக்கும் நிறுவனங்களே, திறக்காத டின்னைச் சூடாக்காதீர்கள் என்றுதான் இப்போது சொல்கின்றன. நானும் அதையே சொல்கிறேன். வேறு வழிகள் இருக்கின்றன.

4 பிப்ரவரி, இரவு

"எங்கள் சித்தி இருபது வருடமாகக் கொதிக்க வைக்கிறார், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியவருக்கு: சித்தி நல்லாயிருக்கட்டும். ஹெல்மெட் போடாத மாமா கதையும் எல்லோர் வீட்டிலும் உண்டு.

6 பிப்ரவரி

டாஃபிக்கு அந்த நிறம் எப்படி வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். சர்க்கரை கருகுவதால் என்று அவரே பதிலும் எழுதியிருந்தார். அது இல்லை. வெள்ளைச் சர்க்கரை கேரமல் ஆக 160 டிகிரிக்கு மேல் வேண்டும், கொதிநீர் அங்கே போகவே போகாது. இங்கே நடப்பது மயார் வினை. பாலில் உள்ள புரதமும் பால்சர்க்கரையும் சூட்டில் மெதுவாகச் சேர்ந்து பழுப்பாகின்றன. நம் திரட்டுப்பால் நிறம் மாறுவதும் இதே வினையால்தான். அதனால் முதல்முறை இந்த டாஃபியை வெறுமனே நக்கிப் பார்க்கும் நம்மூர்க்காரர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது.

கதையும் இங்கேதான் இருக்கிறது. டவுடிங் ஹங்ரி மங்க்குக்கு வருவதற்கு முன் வேறொரு சமையலறையில் வேலை பார்த்தபோது, அங்கிருந்த சமையல்காரர் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்முறையைக் கொண்டுவந்திருக்கிறார். சான் ஃபிரான்சிஸ்கோவின் ப்ளம்ஸ் என்ற இனிப்புக் கடையின் காபி டாஃபி பை. சர்க்கரையையும் வெண்ணெயையும் காய்ச்சி டாஃபி செய்து, மேலே காபி க்ரீம். அந்த டாஃபி சொன்னபடி கேட்காது. ஒருநாள் தண்ணியாக ஓடும், மறுநாள் பல்லை உடைக்கும். பிறகு ஹங்ரி மங்க்கில் இருந்தபோது, டின் பாலைத் திறக்காமல் கொதிக்க வைத்தால் மெத்தென்ற டாஃபி கிடைக்கும் என்று டவுடிங்கின் சகோதரி சொல்லியிருக்கிறார். அதோடு டாஃபிப் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம் முதலாளி நைஜல் மெக்கன்சியும் அவரும் சேர்ந்து இன்னும் ஏதாவது வேண்டும் என்று ஆப்பிளைப் போட்டுப் பார்த்தார்கள், ஆரஞ்சு ரகத்தில் ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். மெக்கன்சி வாழைப்பழம் என்றார். 1971-ல் நடந்தது என்பது அவர்கள் கணக்கு. அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் அதை மெனுவிலிருந்து எடுக்கவே விடவில்லை.

ஆக, அந்த உணவகமே வேறொரு கடையின் பையை நகல் எடுக்கப் போய்த்தான் இதில் வந்து நின்றது. வீட்டில் நகல் எடுப்பவர்கள் இதை நினைத்துத் தெம்படையலாம்.

7 பிப்ரவரி

"இது அமெரிக்கப் பைதானே, அங்காடிப் பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது" என்றவருக்கு. 1994-ல் சில அங்காடிகள் அப்படித்தான் விற்றன. மெக்கன்சி கடுப்பாகி, இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று நிரூபிப்பவருக்கு 10,000 பவுண்டு என்று அறிவித்தார். உணவகத்தின் முகப்பில் நீல நிறப் பலகையும் மாட்டினார். பெரிய ஆட்கள் பிறந்த வீடுகளில் மாட்டுவார்களே, அதே மாதிரி. பைக்குப் பிறந்த வீடு.

உணவகம் 2012-ல் மூடிவிட்டது. சவுத் டவுன்ஸ் குன்றுகளின் நீண்ட நடைபாதை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது, நடக்கிறவர்கள் போகிற போக்கில் பார்க்கலாம். பை கிடைக்காது.

10 பிப்ரவரி

வாழைப்பழம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகப் போகும்.

இங்கிலாந்தில் கடைக்குப் போனால் ஒரே வாழைப்பழம்தான், கேவண்டிஷ். நம்மூரில் பச்சை வாழைப்பழம், மோரிஸ், ரொபஸ்டா என்றெல்லாம் சொல்லும் கூட்டம். அதனால் பழைய செய்முறையில் எந்த வாழை என்ற பேச்சே இல்லை, கெட்டியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். மூலத்தை அப்படியே எடுக்க வேண்டுமென்றால் நீங்களும் அதையே வாங்குங்கள். தோல் மஞ்சளாகி, காம்புப் பக்கம் இன்னும் லேசாகப் பச்சை இருக்கிற பழம். கரும்புள்ளி விழுந்ததை வேண்டுமானால் சும்மா சாப்பிடுங்கள், பைக்கு ஆகாது. பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாகிறது, பழம் குழைகிறது, டாஃபியோடு சேர்ந்து கூழாகிறது.

ஆனால் நான் திருச்சியில் இருந்தால் கேவண்டிஷைத் தொடவே மாட்டேன். பூவன் இருக்கிறதே! அதில் உள்ள லேசான புளிப்பு, டாஃபிக்கு இங்கிலாந்தில் யாருக்கும் கிடைக்காத ஒரு எதிர்ப்பாட்டு. மலைவாழை கிடைத்தால் இன்னும் விசேஷம். தண்ணீர் குறைவு, மணம் அதிகம், உருவம் கலையாது. ரஸ்தாளி வேண்டாம், மாவாகிவிடும். நேந்திரத்தைப் பச்சையாக வைத்தால் க்ரீமுக்கு அடியில் தனியாக உட்கார்ந்து முறைக்கும். செவ்வாழை கெட்டியாக இருக்கும், ஆனால் அதுவும் ஏகத்துக்கு இனிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அக்கா கதலி சரிவருமா என்று கேட்டிருந்தார். நன்றாகவே வரும், பூவனுக்குச் சொன்ன அதே காரணம்தான். நீங்கள் ரின்பால் என்று எழுதியதும் இதே டின் பால்தான், சந்தேகமே வேண்டாம்.

நறுக்கும் விதமும் முக்கியம். வட்டமாக நறுக்காதீர்கள். மூலத்தில் பழத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து டாஃபி மேல் அடுக்குகிறார்கள். வெட்டுப்பட்ட பரப்பு குறைவு, அதனால் கசிகிற தண்ணீரும் குறைவு, கறுப்பதும் குறைவு. பழம் கறுப்பது காற்று படுவதால். க்ரீமை ஓரம் வரைக்கும் இழுத்துப் பழத்தை முழுக்க மூடிவிட்டால் எலுமிச்சைச் சாறே தேவையில்லை. எலுமிச்சை பிழிந்தால் அந்த ஈரம் கீழே இறங்கி டாஃபியை இளக்கும்.

10 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

பலாச்சுளை போடலாமா என்று கேட்டவரே, போடலாம். அதற்கு வேறு பெயர் வைத்து வேறு இழை தொடங்குங்கள்.

17 பிப்ரவரி

க்ரீம். இங்கே டபுள் க்ரீம் என்றால் 48 சதவீதம் கொழுப்பு. அடிக்க ஆரம்பித்த ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். இந்தியாவில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் 25 சதவீதம்தான். அதை விடிய விடிய அடித்தாலும் எழும்பாது. பெட்டியில் கொழுப்பு அளவைப் பாருங்கள், 30-க்குக் குறைந்தால் வாங்காதீர்கள். 35 இருந்தால் நல்லது. பாத்திரம், கரண்டி, க்ரீம் மூன்றையும் ஃபிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர வைத்துவிட்டு அடியுங்கள். கொழுப்புத் துளிகள் இளகாமல் இருந்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றைப் பிடிக்கும்.

நீங்கள் போட்ட விப் டாப்பிங் பெரும்பாலும் பால் இல்லாத தாவரக் கொழுப்பு, சர்க்கரை ஏற்கெனவே சேர்த்தது. எழும்பி நிற்கும், வெயிலிலும் அசையாது, கல்யாணக் கேக்குக்கு அது வசதிதான். ஆனால் வாயில் கரையாமல் மேலண்ணத்தில் ஒட்டும்.

காபி: அரைத் தேக்கரண்டி தூளை க்ரீமில் நேராகக் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். நம் வீட்டு டிகாக்‌ஷனை ஊற்றலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், எதிர்பார்த்ததுதான். முதல் டிகாக்‌ஷன் ஒரு தேக்கரண்டி ஊற்றினால் க்ரீம் தாங்கும், மணமும் பிரமாதம். அதற்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிடும். சிக்கரி கலந்த பொடி என்றால் கசப்பு ஒரு மாதிரி மண்வாசனையோடு வரும். எனக்கு அது பிடிக்கிறது. மூலத்தில் அது கிடையாது. மேலே தூவுவதற்கு மட்டும் சிக்கரி இல்லாத பொடியை நைஸாக அரைத்துத் தூவுங்கள், கொரகொரப்பாக இருந்தால் பல்லில் மணல் கடிபடுகிற மாதிரி இருக்கும்.

18 பிப்ரவரி

4-ஆம் தேதிக் குறிப்பில் வேறு வழிகள் இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். இதோ.

நம் வீட்டில் குக்கர் இருக்கிறதே. டின்னைத் திறந்து, பாலை ஒரு ஸ்டீல் டப்பாவில் ஊற்றுங்கள். மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, அதற்கு மேல் ஒரு தட்டு. நீராவி சொட்டி உள்ளே விழக்கூடாது, அவ்வளவுதான். குக்கரில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, டப்பாவை உள்ளே வைத்து, வெயிட் போட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நாற்பது நிமிடம். விசிலை எண்ண வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். குக்கருக்குள் சுமார் 120 டிகிரி இருக்கும், மயார் வினை பாய்ந்து போகும். 5 மணி நேர வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பிரஷர் தானாக இறங்கும் வரை தொடாதீர்கள். திறந்து பார்த்தால் திட்டுத் திட்டாக, ஓரத்தில் கறுத்து, நடுவில் வெளிறி, பார்க்கச் சகிக்காது. பயப்பட வேண்டாம். ஆறியதும் முட்டை அடிக்கும் கரண்டியால் நாலு அடி அடித்தால் பளபளவென்று ஆகிவிடும்.

ஓவன் வைத்திருப்பவர்கள் பாலை ஆழமான பீங்கானில் ஊற்றி, தாளால் மூடி, வெந்நீர் நிரப்பிய ட்ரேயில் வைத்து 220 டிகிரியில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் விடலாம். அதுவும் சரியாக வரும், கரண்ட் பில்தான் வலிக்கும்.

அடுப்பில் வெண்ணெய், நாட்டுச் சர்க்கரையோடு டின் பாலைக் கிளறும் முறை ஒன்றும் உலவுகிறது. ருசியாகத்தான் இருக்கும். ஆனால் அது ஃபட்ஜ் பக்கம் போய்விடுகிறது, கொஞ்சம் மணல் மணலாக. நீங்கள் ஜெவிங்டனில் சாப்பிட்டது அது இல்லை.

உப்பு ஒரு சிட்டிகை போடுங்கள். மூலத்தில் இல்லைதான். போடுங்கள்.

25 பிப்ரவரி

இதையெல்லாம் எழுதின பிறகும் மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. செய்முறை அச்சில் இருக்கிறது, பொருள்கள் எல்லாம் கடையில் கிடைக்கின்றன. அப்படியும் உணவகத்தில் சாப்பிட்ட மாதிரி வீட்டில் வருவதில்லை என்று சொல்பவர்கள் உங்களைத் தவிரவும் நிறைய பேர் இருக்கிறார்கள். ஏன்?

எனக்கு இப்போது தோன்றுவது: வீட்டில் நாம் எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் செய்கிறோம். நாலு மணிக்கு மாவு பிசைந்து, ஐந்துக்குச் சுட்டு, டாஃபி வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றி, பழம், க்ரீம், எட்டு மணிக்கு விருந்தாளி. உணவகத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அந்தப் புத்தகத்திலேயே ஒரு குறிப்பு உண்டு, டின்களை ஒரே தடவையில் பலவாகக் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள், திறக்காமல் வைத்தால் நாள்பட இருக்கும் என்று. அதாவது டாஃபி எப்போதும் தயாராக, ஜில்லென்று இருக்கிறது. அடி மாவு ஓடு காலையிலேயே சுட்டு ஆறிவிட்டது. பழமும் க்ரீமும் மட்டும்தான் கடைசி வேலை. மூன்றும் குளிர்ந்த நிலையில் சந்திக்கின்றன. அதனால்தான் வெட்டும்போது கோடு போட்ட மாதிரி அடுக்கு நிற்கிறது.

நீங்கள் எழுதியது நினைவிருக்கிறது, வெட்டினால் ஓடுகிறது என்று. டாஃபியை முந்தின நாளே செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மாவைச் சுட்ட பிறகு கையால் தொட்டால் சூடே தெரியாத வரைக்கும் காத்திருங்கள். டாஃபியை நிரப்பி மறுபடி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ். விருந்துக்கு அரை மணிக்கு முன்னால் பழமும் க்ரீமும். பாதிப் பிரச்சினை இதிலேயே போய்விடும் என்று நினைக்கிறேன்.

2 மார்ச்

மாவு அளவு கேட்டிருந்தார்கள். மைதா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், ஐஸ் தண்ணீர் இரண்டு மூன்று மேசைக்கரண்டி. உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். குளிர்ந்த வெண்ணெயைத் துருவி மைதாவோடு விரல் நுனியால் உதிர்த்து, ரவை பதம் வந்ததும் தண்ணீர் தெளித்துச் சேர்க்க வேண்டும். பிசையாதீர்கள். சப்பாத்திக்குப் பிசைகிற கை இங்கே எதிரி, பிசையப் பிசைய மாவு இழுவை பிடித்துச் சுடும்போது சுருங்கும். அரை மணி ஃபிரிட்ஜ், விரித்து டின்னில் போட்டு முள்கரண்டியால் குத்தி மறுபடி ஃபிரிட்ஜ். பிறகு மேலே பேக்கிங் தாள் விரித்து, கொண்டைக்கடலையை நிரப்பி 190 டிகிரியில் பதினைந்து நிமிடம். கடலையை எடுத்துவிட்டு அடிப்பகுதி பொன்னிறமாகும் வரை இன்னொரு பத்து நிமிடம். வெளிறிப்போன ஓட்டை எடுத்துவிடாதீர்கள், அது நமுத்துப்போகும். அந்தக் கடலை சுண்டலுக்கு ஆகாது. ஒரு டப்பாவில் போட்டு எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஊறப்போட்டுவிடுவார்கள்.

ஓடு நமுக்காமல் இருக்க, சுட்டு ஆறியதும் உள்பக்கம் உருக்கிய டார்க் சாக்லேட்டை மெல்லிசாகத் தடவலாம். டவுடிங் பார்த்தால் என்ன சொல்வாரோ. மறுநாள் வரைக்கும் மிச்சம் வைக்கிற குடும்பமாக இருந்தால் தடவுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை வந்ததில்லை.

9 மார்ச்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். டாஃபி நின்றது, பூவன் பிரமாதம், மாமியார் இரண்டாவது துண்டு கேட்டார். ஆனால் மாவை விரிக்கும்போதே வெண்ணெய் உருகிக் கையோடு வந்துவிட்டது, ஓவனில் போனதும் சுவர் இடிந்து விழுந்தது.

மார்ச் மாதத் திருச்சி. இதை நான் யோசித்திருக்கவில்லை. வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டினாலே தொய்ந்துவிடும், உங்கள் சமையலறை அதற்கு மேலேயே இருந்திருக்கும். இங்கே குளிரில் உட்கார்ந்துகொண்டு பேஸ்ட்ரி உபதேசம் செய்வது எனக்கு எளிது. விடியற்காலையில் செய்து பாருங்கள், அல்லது ஏசி அறையில் தரையில் உட்கார்ந்து இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, தாளோடு ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள்.

அதுவும் முடியாதென்றால் பிஸ்கட்டுக்கே போங்கள். ஆமாம், நான்தான் சொல்கிறேன். பிப்ரவரி 4-ஆம் தேதி எழுதியதிலிருந்து காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்சி மாறலாம்: அடித்தளம் இனிக்கக்கூடாது. டைஜெஸ்டிவ் பிஸ்கட்டுக்குப் பதில், பாதி உப்பு பிஸ்கட் பாதி மாரி பிஸ்கட் பொடித்து, உருக்கிய வெண்ணெய் கலந்து, டின்னில் அழுத்தி, 170 டிகிரியில் பத்து நிமிடம் சுட்டுவிடுங்கள். சுட்டால் பொடிப்பொடியாக உதிராது. போன வாரம் இங்கே செய்து பார்த்தேன். மூலம் இது இல்லை, ஆனால் அங்காடிப் பையும் இல்லை. காபி க்ரீமுக்குக் கீழே அந்த உப்பு நன்றாகவே பேசியது.

11 மார்ச்

இல்லை, உப்பு பிஸ்கட் என்றால் ஓமம் போட்டது இல்லை. யார் இதைச் செய்தது?

14 ஏப்ரல்

புத்தாண்டுக்குச் செய்யப்போகிறேன், முந்தின வாரமே செய்து ஃப்ரீசரில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாமதமாகப் பார்த்தேன், அடுத்த விசேஷத்துக்கு ஆகட்டும். முழுப் பையாக வேண்டாம். வாழைப்பழம் உறைந்து இளகினால் கறுத்துத் தண்ணீர் விடும், க்ரீமும் பிரியும். சுட்ட ஓட்டை மட்டும் காற்றுப்புகாமல் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். வெளியே எடுத்து ஓவனில் ஐந்து நிமிடம் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். டாஃபி ஃபிரிட்ஜில், மூடிய பாட்டிலில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். சுத்தமான, ஈரமில்லாத கரண்டி போட்டு எடுக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பாட்டிலில் வேறு பெயர் எழுதி ஒட்டுங்கள்.